எண்ணூறு சிசி போதும், எழுந்து வா!

தம்பி, கடலூர்–பண்ருட்டி சாலையில், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டருக்குப் பின்னால் உன் வீட்டுப் பழைய மாருதி ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு புதுக் கார் ஹாரன் அடித்தபடி உன்னைத் தாண்டிச் சீறுகிறது. நீ பெருமூச்சு விடுகிறாய்: "அந்த மாதிரி வண்டி மட்டும் இருந்தா, நானும் ரேஸ் ஓட்டுவேன்."

ஓட்ட மாட்டாய்! இன்று இந்த வண்டியைக் காட்டிச் சாக்குச் சொல்கிறவன், நாளை அந்த வண்டி வந்தால் பெட்ரோல் விலையைக் காட்டுவான். பெட்ரோலும் கிடைத்தால் நேரமில்லை என்பான். சாக்குக்கு மட்டும் எந்த ஊரிலும் பஞ்சம் வந்ததில்லை.

பண்ருட்டி, வடலூர் வழியாக நெய்வேலிக்கு ஒருமுறை போய்ச் சுரங்க விளிம்பில் நின்று பார். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. தரம் பார்ப்பவர் கண்ணுக்கு அது மட்டமான சரக்கு. எடையில் ஏறக்குறைய பாதி ஈரம், எரித்தால் வெப்பமும் குறைவு. போதாததற்கு, அதன் அடியிலிருந்து ஊற்றுநீர் மேலே முட்டுகிறது. இரவு பகலாகப் பம்பு போட்டு இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலையே நடக்கும். "இது தேறாது" என்று மண்ணைத் தள்ளி மூடியிருந்தால்? மூடவில்லை. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் எழுந்தது. 1962-ல் முதல் மின் அலகு ஓடத் தொடங்கியது. மட்டமான கரியிலிருந்து மின்சாரம் எடுத்த மாவட்டத்தில் பிறந்துவிட்டு, மட்டமான வண்டி என்று நீ புலம்பலாமா?

சரி, கார் கதைக்கே வருவோம். 1983-ல் வெளிவந்த மாருதி 800-ஐ உனக்குத் தெரியும். மூன்று சிலிண்டர், 796 சிசி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், டிக்கியில் ஒரு மூட்டை அரிசி. அதற்காகவே பிறந்த வண்டி. கோயம்புத்தூரில் கரிவரதன் என்ற மனிதர் அதே எஞ்சினை வேறு கண்ணால் பார்த்தார். ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்து, அதற்குள் இந்தக் குடும்ப எஞ்சினை உட்கார வைத்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது. வெளிநாட்டுப் பந்தய எஞ்சினுக்குக் காத்திருக்கவில்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடிய எஞ்சினை எடுத்தார்.

அந்த ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓட்டிய கோவைப் பையன் ஒருவன், 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கினான். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன்! அவர் ஏறிய ஏணியின் முதல் படி, உன் தெருவில் தூசி படிந்து நிற்கிறதே, அதே எண்ணூறு எஞ்சின். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

சின்ன எஞ்சின் ஓட்டுநரைக் கெடுக்காது, செதுக்கும். எப்படி என்று கேள். பெரிய எஞ்சின்காரன் வளைவில் தப்புச் செய்தாலும், வெளியே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்துத் தப்பை மறைத்துவிடுவான். உன்னால் முடியாது. வளைவில் பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தொலைத்தால், அடுத்த நேர்த்தடம் முழுவதும் அதை மீட்கவே செலவாகும். ஆகவே நீ கற்றே தீர வேண்டும்: தடத்தின் வெளி ஓரத்திலிருந்து நுழை, வளைவின் உள்முனையைத் தொடு, மறுபடி வெளி ஓரத்துக்கு விரிந்து போ. பிரேக்கை நேராக ஓடும்போதே முடித்துக்கொள். ஸ்டியரிங்கைப் பிடுங்காதே. ஏழையின் வீட்டில் ஒரு பருக்கை சிந்தாது. சின்ன எஞ்சினில் ஒரு துளி வேகம் சிந்தக்கூடாது.

இதற்கு இன்றைக்கே ஒரு பயிற்சி சொல்கிறேன், பைசா செலவில்லை. நண்பனைப் பக்கத்தில் உட்கார வை. ஓர் எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி அவன் மடியில் பிடிக்கச் சொல். கிளம்பு, கியர் மாற்று, வளை, நிறுத்து. எல்லாம் சட்டம் சொல்லும் வேகத்துக்குள். பிரேக்கில் அவன் முழங்கால் நனைந்தால் உன் கால் முரடு. வளைவில் தொடை நனைந்தால் உன் கை முரடு. அவன் பேன்ட் காயாமல் நீ சாம்பியன் ஆக முடியாது!

ஆனால் ஒன்று. இதைக் காதில் வாங்காவிட்டால் மேலே படிக்காதே. பந்தயம் தடத்தில் மட்டும்தான். அந்தக் கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு இல்லாத இரவுகள் உண்டு. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர் உன் அப்பாவாகவும் இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு பொதுச்சாலைப் பந்தயத்தைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. சாலையில் சீறுகிறவனுக்கு வீரன் என்று பெயரில்லை. பந்தயத் தடத்துக்குப் போகத் துணிவில்லாதவன், அவ்வளவுதான்.

தடம் எங்கே? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், ஒரு பகல் பொழுதில் போய்ச் சேரும் தூரத்தில். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வளர்த்த தடம், 3.7 கிலோமீட்டர். அதற்கு முந்தைய தலைமுறைக்கு அந்த வசதியும் இல்லை. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில், ஃபியட், ஹெரால்டு கார்களை முடுக்கி ஓட்டினார்கள்.

முதல் படி, பார்வையாளனாகப் போகாதே; தொண்டனாகப் போ. கொடி காட்டும் மார்ஷல்களில் பலர் தன்னார்வலர்கள். ஒரு வார இறுதி வளைவோரம் நின்றால், நூறு வீடியோ தராத பாடம் கிடைக்கும். இரண்டாம் படி, டிஎஸ்டி ராலி. குறித்த சராசரி வேகத்தில் குறித்த நேரத்துக்கு வந்து சேர வேண்டும். முந்தினாலும் தண்டம், பிந்தினாலும் தண்டம். வீட்டுக் காரே போதும், வழிகாட்ட ஒரு நண்பன் போதும். மூன்றாம் படி, கூம்புகளுக்கு நடுவே ஓட்டும் ஸ்லாலம், மண் தரையில் ஆட்டோகிராஸ். அதன்பிறகு பயிற்சிப் பள்ளி, இந்திய மோட்டார் பந்தயக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் உரிமம், புதியவர்களுக்கான பந்தயம். தங்கையே, இது உனக்கும்தான். சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஆண்களோடு ஒரே கோட்டில் நின்று ஓட்டியவர்.

மலிவு என்றால் இலவசம் என்று நினைத்துவிடாதே. டயர் தேயும், பிரேக் பேட் கரையும். அந்தச் செலவைத் தனியாகச் சுமக்காதே. அமெரிக்காவில் 2006 முதல் '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்று ஒரு பந்தயம் நடக்கிறது. உதவாக்கரை வண்டிக்கு அங்கே எலுமிச்சை என்று பெயர். காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக்கூடாது. நண்பர்கள் சேர்ந்து வாங்கி, மாறி மாறி ஓட்டுகிறார்கள். நாம் எலுமிச்சையைச் சக்கரத்தடியில் நசுக்கிவிட்டுக் கிளம்புகிறோம். அவர்கள் எலுமிச்சையையே ஓட்டுகிறார்கள்! ஒன்றை மட்டும் கவனி: ரோல் கேஜ், பெல்ட் போன்ற பாதுகாப்புச் சாமான்களின் செலவை அந்த 500 டாலரில் சேர்ப்பதில்லை. உயிருக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்பது அந்தக் கேலிப் பந்தயத்துக்கும் தெரியும்.

உன் தெருவை எண்ணிப் பார். ஒருவன் ஐடிஐ ஃபிட்டர். ஒருவன் வெல்டர். ஒருவன் நெய்வேலியில் அப்ரன்டிஸ் முடித்த எலக்ட்ரீஷியன். நகரத்துப் பணக்காரன் சம்பளம் கொடுத்துச் சேர்க்கும் பந்தய அணி, உன் ஊர் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது! நான்கு பேர், ஒரு பழைய கார், மாதா மாதம் ஒரு சீட்டுப் பணம். அணி தயார்.

வெற்றி கிடைக்குமா என்று கேட்காதே. முதல் பந்தயத்தில் கடைசியாக வருவாய். வா! கடைசி இடத்துக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. வீட்டுத் திண்ணைக்கு அது கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாருதியின் பானட்டைத் திற. ஆயிலைப் பார், பிரேக் ஆயிலைப் பார், டயரில் காற்றைப் பார். உன் பந்தயம் அங்கே தொடங்குகிறது.