ஆமான் பார்த்த நாள்



தியானப் பகுதி: எஸ்தர் 3:7-13, 9:20-28

யூதருடைய பண்டிகைகளில் பூரீம் ஒரு சின்னப் பண்டிகை. லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் மோசேக்குச் சொன்ன பண்டிகைகளில் இது கிடையாது. பஸ்காவைப் போல அன்று வேலை செய்யக்கூடாது என்ற கட்டளையும் இல்லை. கடையைத் திறக்கலாம், கம்பெனிக்குப் போகலாம். ஆனாலும் இன்றுவரைக்கும் உலகத்தில் யூதர் இருக்கிற இடமெல்லாம் ஆதார் மாதம் 14-ஆம் தேதி, அதாவது நம்ம கணக்கில் பெரும்பாலும் மார்ச் மாதத்தில், இதைச் சந்தோஷமாய் ஆசரிக்கிறார்கள். எருசலேமில் மட்டும் மறுநாள், 15-ஆம் தேதி. சூசான் அரமனைப் பட்டணத்தார் 15-ஆம் தேதிதான் இளைப்பாறினார்கள் என்று எழுதியிருக்கிறதல்லவா (எஸ்தர் 9:18), அதினிமித்தம் பூர்வ மதில் சூழ்ந்த பட்டணங்களுக்கு அந்த நாள்.

1. சீட்டு யார் கையில்?

"பூர்" என்றால் சீட்டு. நம்ம ஊரில் குலுக்கல் சீட்டு போடுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. டப்பாவைக் குலுக்கி ஒரு பேரை எடுப்பார்கள், அந்த மாதம் பணம் அவருக்கு. அக்காலத்து ராஜ்யங்களில் சின்னக் களிமண் கட்டையை உருட்டிப் போட்டார்கள். அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் அதிகாரி ஒருவருடைய கட்டை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. "பூரு" என்ற அதே வார்த்தை அதில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆமான் இந்தச் சீட்டை எதற்குப் போட்டான்? யூதரைக் கொல்லலாமா வேண்டாமா என்று கேட்க அல்ல. அதை அவன் ஏற்கனவே தீர்மானம் பண்ணிவிட்டான். எந்த நாளில் கொன்றால் காரியம் வாய்க்கும் என்று பார்த்தான். நாள் நாளாக, மாதம் மாதமாகச் சீட்டு விழுந்தது. சுருக்கமாய்ச் சொன்னால், ஆமான் நல்ல நாள் பார்த்தான்!

இப்போது கணக்கைக் கவனியுங்கள், பிரியமானவர்களே. சீட்டுப் போட்டது முதலாம் மாதமாகிய நிசானில். விழுந்ததோ பன்னிரண்டாம் மாதமாகிய ஆதாரில். வருஷத்தின் கடைசி மாதம்! அடுத்த மாதம் என்று விழுந்திருந்தால் ஒரு யூதனும் தப்பியிருக்கமாட்டான். அவன் நம்பின சீட்டே அவனுக்குப் பதினோரு மாதம் வாய்தா கொடுத்துவிட்டது. அந்த அவகாசத்தில்தான் எஸ்தர் உபவாசம் பண்ணினாள், ராஜாவுக்கு ஒரு ராத்திரி தூக்கம் வராமல் போனது, ஆமான் நாட்டின மரத்திலே ஆமானே தொங்கினான். மூன்றாம் மாதம் 23-ஆம் தேதி மொர்தெகாயின் கட்டளை எழுதப்பட்டபோது, குறித்த நாளுக்கு இன்னும் எட்டு மாதம் இருபது நாள் பாக்கி. 127 நாடுகளுக்கும் அஞ்சற்காரர் போய்ச்சேர அந்த நாட்கள் வேண்டியிருந்தது. அந்த 127-ல் முதலாவது சொல்லப்பட்டது இந்து தேசம் (எஸ்தர் 1:1). சிந்து நதிப் பக்கம் அது, நம்ம திருப்பத்தூர் இல்லை. ஆனாலும் நம்ம தேசத்தின் பேர் அந்தப் புஸ்தகத்தின் முதல் வசனத்தில் இருக்கிறது.

எபிரெய மூலத்தில் எஸ்தர் புஸ்தகம் முழுவதிலும் தேவன் என்றோ கர்த்தர் என்றோ ஒரு தடவைகூட எழுதப்படவில்லை. ஆனால் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால், ஆமானுடைய சீட்டு டப்பாவுக்குள்ளேயே இருந்தார் என்று நான் சொல்லுவேன். மடியிலே சீட்டைப் போடுகிறவன் மனுஷன், முடிவு கர்த்தருடையது என்று சாலொமோன் சொன்னதின் அர்த்தம் இதுதான் (நீதி. 16:33). அல்லேலூயா!

2. நம்ம வீட்டுக் காலண்டர்

சபையில் கைதட்டிப் பாடுகிறோம். ஆனால் கல்யாணத் தேதி குறிக்கும்போது என்ன நடக்கிறது? "ஜெபம் பண்ணிட்டோம் ஐயா, ஆனா சம்பந்தி வீட்ல அன்னைக்கு அஷ்டமின்னு சொல்றாங்க, அடுத்த வாரம் வச்சுக்கலாமா?" புது வீட்டுக்குப் பால் காய்ச்ச ராகுகாலம் முடியட்டும் என்று வாசலில் நிற்கிறவர்கள் உண்டு. பிள்ளையை ஷூ கம்பெனி வேலைக்கு முதல் நாள் அனுப்பும்போது, எமகண்டம் போகட்டும் என்று பத்து நிமிஷம் உட்காரவைத்துவிட்டு, பஸ் லேட் என்று சொல்லுகிறவர்களும் உண்டு!

நாள் பார்ப்பதற்கு வேதத்தில் ஒரு பெரிய உதாரணம் வேண்டுமானால், அது ஆமான்தான். அவனைவிட ஜாக்கிரதையாய், ஒரு வருஷத்தின் எல்லா நாளையும் அலசிப் பார்த்தவன் யார்? வாய்த்ததா? அவன் தேர்ந்தெடுத்த அந்த மாதமே சஞ்சலம் சந்தோஷமாகவும், துக்கம் பண்டிகையாகவும் மாறின மாதம் என்று வேதம் சாட்சி சொல்லுகிறது (எஸ்தர் 9:22). சத்துரு உன் மேல் குறித்த நாளைக் கர்த்தர் மாற்றக்கூடுமானால், நீ எந்த நாளுக்குப் பயப்படுகிறாய்?

3. பண்டிகையை எப்படி ஆசரிக்கிறார்கள்?

முந்தின நாள் எஸ்தரின் உபவாசம். அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் ஜெப ஆலயத்தில் எஸ்தர் புஸ்தகத்தை முழுவதும் வாசிக்கிறார்கள். அச்சடித்த புத்தகத்தில் அல்ல, தோல் சுருளில் மையால் கையெழுத்தாய் எழுதினதில்தான் வாசிக்கவேண்டும் என்பது அவர்கள் பிரமாணம். நாடுகளுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் ஞாபகமாக அந்தச் சுருளைக் கடிதம்போல மடித்து வைத்து வாசிப்பதும் வழக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்பில் வேலை செய்கிற சகோதரர்களே, சுண்ணாம்புத் தொட்டியிலும் சாயத்திலும் நனைந்த உங்கள் கைகளை யாராவது அற்பமாய்ப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் நூற்றாண்டுகளாய் யூதர் வாழ்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டின அவர்கள் ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. 1806-ல் அங்கே போன கிளாடியஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து போதகர், கொச்சி யூதரிடமிருந்து மோசேயின் ஆகமச் சுருள் ஒன்றைப் பெற்றார். ஏறக்குறைய 48 அடி நீளம். 37 தோல்களைத் தைத்துச் சேர்த்தது, பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றின ஆட்டுத்தோல். அது இப்போது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தேவனுடைய வார்த்தை தலைமுறை தலைமுறையாய்க் கடந்து வந்தது தோல் பதனிட்டவன் கைவேலையின்மேல்தான்! பேதுரு யோப்பாவில் தங்கினதும் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் அல்லவா (அப். 9:43)?

வாசிப்பில் ஆமான் என்ற பேர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் மரக் கிலுகிலுப்பையைச் சுற்றிச் சத்தம் போடுவார்கள், காலால் தரையை உதைப்பார்கள். சிலர் செருப்பின் அடியில் அந்தப் பேரை எழுதி, அது அழியும்வரை மிதிப்பார்கள். ஷூவுக்கு அடி ஒட்டுகிற நம்ம சகோதரிகளுக்கு இது சிரிப்பாய் இருக்கலாம். கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரவேலர் என்ற யூதர், ஹோலிப் பண்டிகைக்குக் கிட்ட வருவதால் பூரீமை மராத்தியில் "ஹோலிச்சா சண்" என்றே அழைத்தார்கள். மாறுவேஷம், கசகசா வைத்த முக்கோணப் பலகாரம் எல்லாம் உண்டு. மது அருந்துவதும் சிலரிடத்தில் உண்டு, அது நமக்கு வேண்டாம் (எபே. 5:18).

4. தப்பினவன் கொடுக்கவேண்டும்

பூரீமில் விட்டுவிடக்கூடாத இரண்டு காரியங்கள் கொடுப்பதைப்பற்றியவை. ஒன்று, சிநேகிதருக்கு இரண்டு வகையாவது பலகாரம் அனுப்புவது. மற்றொன்று, குறைந்தது இரண்டு ஏழைகளுக்குக் கொடுப்பது. அன்று கை நீட்டுகிறவன் உண்மையில் ஏழையா என்று விசாரிக்கக்கூடாதாம். தர்மத்தில் வாழுகிற ஏழையும் அன்று இன்னொரு ஏழைக்குக் கொடுக்கவேண்டுமாம்! 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடஸ் என்ற யூத அறிஞர், பூரீமில் நம்ம விருந்தைப் பெரிசாக்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பதை அதிகமாக்குவது மேல் என்று போதித்தார்.

இன்னொன்றும் பாருங்கள். சத்துருக்களின் பொருளைக் கொள்ளையிட ராஜாவின் கட்டளையிலேயே அனுமதி இருந்தது (எஸ்தர் 8:11). ஆனால் யூதர் கொள்ளையில் கைபோடவில்லை என்று 9-ஆம் அதிகாரத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறது. ஆமான் பதினாயிரம் தாலந்து வெள்ளி கொடுத்து ஜனங்களை விலைபேசினான். தப்பின ஜனமோ தங்கள் வீட்டிலிருந்து எடுத்து ஏழைக்குக் கொடுத்தது. இரண்டு மனுஷரையும் பணத்தின் விஷயத்தில்தான் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பிரியமானவர்களே, பூரீமை ஆசரிக்கவேண்டும் என்று நமக்குக் கட்டளை இல்லை. பண்டிகை நாட்களைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம், அவை நிழல், பொருளோ கிறிஸ்து (கொலோ. 2:16,17). நமக்கு விரோதமான கையெழுத்தைச் சிலுவையில் ஆணியடித்தவர் அவர். ஆகவே கிலுகிலுப்பை வாங்க வேண்டாம், தோல் சுருளும் வேண்டாம். ஆனால் இந்த மாதம் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, உங்கள் வீட்டில் தள்ளிப்போட்ட நல்ல காரியம் எது? ஜெபித்து, பெரியவர்களோடு கலந்து, எல்லாருக்கும் வசதியான நாளைக் குறியுங்கள். காலண்டரின் கீழே உள்ள கட்டத்தைப் பார்க்காதீர்கள். சொந்தக்காரர் கேட்டால் வெட்கப்படாமல் காரணத்தைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பயமுறுத்துகிற தேதி ஒன்று முன்னால் இருந்தால், கடன் கெடுவோ, ஆபரேஷனோ, கோர்ட் வாய்தாவோ, எஸ்தரைப்போல ஒருநாள் உபவாசியுங்கள். உபவாசித்தபின் அவள் எழுந்து ராஜாவிடம் போனாள். நீங்களும் போய்ப் பேசவேண்டியவரிடம் பேசுங்கள்.

மூன்றாவது, கர்த்தர் உங்களைத் தப்புவித்த நாளைச் சாட்சியாய்ச் சொன்னால் மட்டும் போதாது. வேலை நின்றுபோன வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும், தனியாய்ப் பிள்ளைகளை வளர்க்கிற தாய் இருப்பாள். இரண்டு வீட்டுக்காவது, எந்தச் சபை, எந்த ஜாதி என்று விசாரிக்காமல், ஒருவேளை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் சந்தோஷ நாள் அவர்களுக்கும் சந்தோஷ நாளாகட்டும்.

நாட்களையெல்லாம் தம்முடைய கரத்தில் வைத்திருக்கிற கர்த்தர் உங்கள் துக்கத்தைச் சந்தோஷமாக மாற்றுவாராக. ஆமென்.