இரவல் நா

பிறமொழி ஒன்றைக் கற்பது நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அறிவு விரிகிறது, பணி எளிதாகிறது, அயலார் அண்டையர் ஆகின்றனர். நம் குருமடங்களிலும் துறவற இல்லங்களிலும் இதனை ஒரு தகுதியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். இலத்தீன் அறிந்தவர், இத்தாலியம் அறிந்தவர் என்று ஒருவரை மதிப்போடு சுட்டிக்காட்டுகிறோம். ஆனால் மொழி கற்றல் என்பது அறத்தின் கண்கொண்டும் நோக்கத்தக்க செயல் என்பது, பொலிவியா நாட்டின் கொச்சபம்பா நகரில் தங்கி ஸ்பானிய மொழி கற்ற நாட்களில்தான் எனக்கு உறைத்தது. எந்த மொழியை, யார்பொருட்டுக் கற்கிறோம் என்பது ஒரு வினா. நம் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் செவிகள் வேறு எவருடைய பிழைகளைப் பொறுக்க மறுக்கின்றன என்பது மற்றொரு வினா. முதல் வினாவைப் பலர் எழுப்பியுள்ளனர். இரண்டாவதை எழுப்புவோர் குறைவு.

கொச்சபம்பா ஆந்தீஸ் மலைகளுக்கிடையே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,550 மீட்டர் உயரத்தில், இதமான தட்பவெப்பம் கொண்ட பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். அதன் பெயர் ஸ்பானியம் அன்று. ‘கொச்சா’ என்றால் ஏரி, ‘பம்பா’ என்றால் சமவெளி. இரண்டும் கெச்சுவா மொழிச் சொற்கள். மேரிநோல் சபையார் 1960-களில் அங்கு ஒரு மொழிப் பள்ளியை நிறுவினர். பல நாட்டுக் குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் அங்கு வந்து ஸ்பானிய மொழியோடு கெச்சுவா, ஐமாரா மொழிகளையும் கற்றனர். இம்மூன்று மொழிகளும் ஒரே தெருவில் உலவும் நாடு அது. ஆனால் மூன்றும் ஒரே உயரத்தில் நடப்பதில்லை.

தமிழ் நாவுக்கு ஸ்பானிய ஒலிகள் அவ்வளவு பகையல்ல. ஆங்கிலேயர் அல்லற்படும் இரு வகை ரகரங்களும், ரகர றகரம் அறிந்த நமக்கு எளிதில் வசப்படுகின்றன. இடர் வினைச்சொற்களில் இருக்கிறது. ‘இருத்தல்’ என்னும் பொருளுக்கு அவர்களிடம் இரண்டு வினைகள் உண்டு. ஒருவர் இன்னார் என்று சொல்ல ‘செர்’. அவர் இப்போது இந்நிலையில் அல்லது இவ்விடத்தில் இருக்கிறார் என்று சொல்ல ‘எஸ்தார்’. நான் குரு என்பதற்கு முதலாவது வினை; நான் களைப்பாயிருக்கிறேன் என்பதற்கு இரண்டாவது. வியப்பு என்னவெனில், ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கும் அவர்கள் இரண்டாவது வினையையே ஆள்கின்றனர். மாற்றத்தால் விளைந்த நிலையைக் குறிப்பதால் அப்படி என்று இலக்கண ஆசிரியர் விளக்குவார், அது சரியே. ஆயினும் அடக்கத் திருப்பலியில் பெட்டியருகே நிற்கும் குருவின் செவியில் அச்சொல் இலக்கணத்துக்கு அப்பாலும் சென்று ஒலிக்கிறது. அதுபோன்றே ‘எஸ்பெரார்’ என்னும் வினை. காத்திருத்தல், எதிர்பார்த்தல், நம்பிக்கை கொள்ளுதல் ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே சொல். அரசு அலுவலகத்தின் நீண்ட வரிசையில் நிற்கும் ஏழைகள் நாள் முழுவதும் இம்மூன்றையும் ஒருங்கே செய்துகொண்டிருப்பதைக் கண்டால், இச்சொல்லைத் தமிழில் பெயர்க்க முனைவதைக் கைவிட்டுவிடத் தோன்றும்.

வகுப்பறை ஒரு பள்ளி என்றால், ‘லா கான்ச்சா’ எனப்படும் பெருஞ்சந்தை மற்றொன்று. உருளைக்கிழங்கு முதல் ஆட்டுத்தோல் வரை அங்கு கிடைக்காத பொருள் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் ‘கசேரீத்தா’ என்று அழைத்துக்கொள்வர். வாடிக்கை உறவைக் குறிக்கும் செல்லச் சொல் அது. வாங்கி முடித்தபின் ‘யாப்பா’ கேட்பது வழக்கம். நம் ஊர்ச் சந்தையில் கொசுறு கேட்கிறோமே, அதுவேதான். இச்சொல் கெச்சுவாவிலிருந்து ஸ்பானியத்துள் புகுந்தது. குழந்தையை அவ்வூர்ச் செல்வர் வீட்டிலும் ‘வாவா’ என்றே சொல்கின்றனர், அதுவும் கெச்சுவா. தோற்கடிக்கப்பட்டவர்களின் மொழி, வென்றவர்களின் அடுக்களையிலும் தொட்டிலிலும் குடியேறிவிட்டது. ஆனால் நீதிமன்றத்தின் படியேற அதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

மொழி கற்பவரின் எளிமையைப் புகழ்ந்து ஆன்மிக நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. ஐம்பது வயதில் ஒருவர் மீண்டும் சிறு பிள்ளையாகிறார். பல்லாண்டு மறையுரை ஆற்றிய நா தண்ணீர் கேட்கவும் தடுமாறுகிறது. அகந்தை அழிகிறது என்பர். அது மெய்தான். இவான் இல்லிச் இன்னும் ஆழமாகச் சென்றார். இலத்தீன் அமெரிக்காவுக்கு வரும் மறைப்பணியாளர்க்காக 1961-இல் மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில் பயிற்சி மையம் தொடங்கியவர் அவர். ஒரு மக்களின் ஒலிகளைக் காட்டிலும் அவர்களுடைய மௌனங்களைக் கற்பதே கடினம் என்பது அவர் கருத்து. எனினும் இந்தப் புகழ்ச்சியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அயலாரின் எளிமை விருந்தாளியின் எளிமை. அவர் சட்டைப்பையில் கடவுச்சீட்டு இருக்கிறது. தாய்நாட்டில் அவர் திறமாய்ப் பேசும் மொழி ஒன்று அவருக்காகக் காத்திருக்கிறது. அவர் பிள்ளைபோல் மழலை பேசினாலும் எவரும் அவரைப் பிள்ளையாக நடத்துவதில்லை. பால்வேற்றுமை அறியாமல் பெண்பாற் சொல்லுக்கு ஆண்பால் அடைமொழி சேர்க்கும் வெளிநாட்டவரைப் பார்த்து, “எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள், பாத்ரெசீத்தோ!” என்று வியப்பார்கள். ‘சின்னத் தந்தையே’ என்பது அதன் நேர்ப்பொருள், அன்பின் விளி.

இப்போது இன்னொரு நாவை எண்ணிப் பாருங்கள். மலையூரிலிருந்து இறங்கி வந்த பெண். கெச்சுவா அவளுடைய தாய்மொழி. அம்மொழியில் அடிப்படை உயிரொலிகள் மூன்றே: அ, இ, உ. ஸ்பானியத்திலோ ஐந்து. எனவே எகரத்தை இகரமாகவும் ஒகரத்தை உகரமாகவும் அவள் ஒலிப்பது இயல்பு. ‘மேசா’ என்னும் சொல் அவள் வாயில் ‘மீசா’ ஆகிவிடக்கூடும். முன்னது மேசை, போர்த்துக்கீசியர் வழியாக நம் தமிழுக்கும் வந்த அதே சொல். பின்னது திருப்பலி. (இறையியல் பயின்றவர்க்கு இவ்விரண்டும் வெகு தொலைவில் இல்லை என்பது வேறு செய்தி.) வெளிநாட்டவரின் பிழைக்குப் புன்னகை பரிசளித்த அதே நகரம் இந்தப் பெண்ணின் உயிரொலிக்கு நகைக்கிறது. மேடை நகைச்சுவையில் அவளைப்போல் பேசிக் காட்டுகின்றனர். பள்ளியில் அவள் பிள்ளை வாய்திறக்க அஞ்சுகிறது. நம்முடையது கற்றலின் முயற்சியாம். அவளுடையது கல்லாமையின் அடையாளமாம். இத்தனைக்கும், நாம் ஆறு மாதங்கள் ஆசிரியரை அமர்த்திக் கற்ற மொழியை அவள் ஆசிரியரின்றி, சந்தையில் சுமை இறக்கியபடியே கற்றிருக்கிறாள்.

பிழையை அளக்க இரண்டு மரக்கால்கள் வைத்திருப்பது அநீதி. விவிலியம் இதனை அறியும். நீதித்தலைவர்கள் நூலில் கிலயாதியர் யோர்தான் துறைகளை மறித்து நின்று, கடக்க வந்தவர்களை ‘ஷிபோலத்’ என்று சொல்லப் பணித்தனர். எப்ராயிம் குலத்தார்க்கு அந்த ஷகரம் வரவில்லை, ‘சிபோலத்’ என்றனர், அவ்விடத்திலேயே வெட்டுண்டனர். ஓர் ஒலிக்காக நாற்பத்திரண்டாயிரம் பேர் மடிந்தனர் என்கிறது அந்நூல். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சு வாடையே. அதே வாடைதானே நாசரேத்தூரில் வளர்ந்த ஆண்டவரின் பேச்சிலும் வீசியிருக்கும்! எருசலேமின் கற்றோர் அதைக் கேட்டு நகைத்திருக்க மாட்டார்களா? நான் மறையுரைகளில் இதனை வலியுறுத்துவதுண்டு. சிலர் இது மிகை என்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த இரண்டு மரக்கால்கள் ஒரு நாளில் செய்யப்பட்டவை அல்ல. கொலம்பஸ் கடல் கடந்த 1492-ஆம் ஆண்டிலேயே ஆந்தோனியோ தெ நெப்ரிகா ஸ்பானிய மொழியின் முதல் இலக்கணத்தை வெளியிட்டார். அரசி இசபெல்லாவுக்கு எழுதிய முன்னுரையில், மொழியையும் பேரரசையும் இணைபிரியாத் துணைகளாக அவர் காட்டினார். ஆயினும் திருச்சபை முதலில் வேறு வழியில் நடந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. பேராயர் புனித தொரிபியோ கூட்டிய மூன்றாம் லீமா சங்கம் (1582-83), மண்ணின் மைந்தர்க்கு அவரவர் மொழியிலேயே மறைக்கல்வி அளிக்கப்பட வேண்டுமெனப் பணித்தது. அதன் பயனாக ஸ்பானியம், கெச்சுவா, ஐமாரா ஆகிய மூன்று மொழிகளில் 1584-இல் லீமாவில் மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. தென் அமெரிக்காவில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1578-இல், கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் வெளிவந்திருந்தது. இரு பெருங்கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே தலைமுறையில் ஒரே எண்ணம் அச்சுக்கோத்தது.

அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. மூன்றாம் சார்லஸ் மன்னர் 1770-இல் விடுத்த ஆணை, தம் ஆட்சிப்பகுதிகளில் நாட்டு மொழிகள் ஒழிந்து ஸ்பானியம் மட்டுமே பேசப்பட வேண்டுமென்றது. தூப்பாக் அமாரு தலைமையில் 1780-இல் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபின் கெச்சுவா மீதான ஒடுக்குமுறை கடுமையாயிற்று. பெரு நாடு கெச்சுவாவை ஆட்சிமொழியாக ஏற்றது 1975-இல். பொலிவியாவின் 2009-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஸ்பானியத்தோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக அறிவித்தது. சட்டம் மாறிவிட்டது. சிரிப்பு மாறுவதற்குச் சட்டத்தைக் காட்டிலும் நீண்ட காலம் பிடிக்கிறது.

கெச்சுவாவை அணுகும் தமிழர்க்கு ஓர் இன்பம் காத்திருக்கிறது. ஸ்பானியத்தில் ‘நோசோத்ரோஸ்’ என்ற ஒரே சொல் தன்மைப் பன்மைக்கு உண்டு. கெச்சுவாவிலோ கேட்பவரையும் சேர்த்து ‘ஞொக்காஞ்சிக்’, கேட்பவரை விலக்கி ‘ஞொக்காய்க்கு’ என்று இரண்டு உண்டு. நம் ‘நாம்’, ‘நாங்கள்’ போலவே! வினை இறுதியில் வருவதும், ஒட்டுகள் அடுக்கடுக்காய்ச் சொல்லோடு சேர்வதும் நமக்குப் பழக்கமானவை. (இதைக் கண்டவுடன் தமிழே அங்கு சென்றது என்று நூல் எழுதப் புறப்படுவோர்க்கு ஒரு வேண்டுகோள்: அமைப்பின் ஒப்புமை குருதி உறவாகிவிடாது.) 1584-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலைத் தொகுத்தோர் ‘எங்கள் தந்தையே’ என்னும் மன்றாட்டைக் கெச்சுவாவில் பெயர்த்தபோது ‘யாயாய்க்கு’ என்று விலக்குப் பன்மையையே தேர்ந்தனர். கடவுளை நோக்கிப் பேசும்போது ‘நம் தந்தையே’ என்று அவரையும் சேர்த்துச் சொல்ல இயலாதன்றோ! அண்டிரிக் அடிகளாரின் வழிவந்த நாமும் ‘எங்கள்’ என்றே மன்றாடுகிறோம். ஸ்பானியத்தில் மன்றாடுவோர்க்கு இந்நுட்பம் தேவைப்பட்டதே இல்லை. நுட்பம் குறைந்த மொழி, வளம் குறைந்த மொழி என்று எதைச் சொல்வது என்பதை இங்கிருந்து பார்த்தால் தராசு சற்றே மறுபக்கம் சாய்கிறது.

அப்படியாயின் ஸ்பானியத்தைக் கற்காமல் நேரே கெச்சுவாவுக்குச் செல்வதுதான் அறமா? அவ்வளவு எளிதன்று. நிலப்பட்டாவும் மருந்துச்சீட்டும் நீதிமன்ற அழைப்பாணையும் பெரும்பாலும் ஸ்பானியத்திலேயே வருகின்றன. ஏழைக்காக அலுவலகப் படியேற விரும்புபவர் அந்த மொழியில் திறமாக வாதாட வேண்டும். அரைகுறைப் பேச்சு அங்கு உதவாது. மேலும் அம்மக்களே தம் பிள்ளைகள் ஸ்பானியம் கற்க வேண்டுமென்று விரும்புகின்றனர். வெளிநாட்டிலிருந்து வந்து, “உங்கள் மொழியை விட்டுவிடாதீர்கள்” என்று அறிவுரை கூறுவது நமக்கு எளிது. நாம் நகைக்கப்படவில்லை. என் மனம் ஒப்பும் அளவுக்குச் சொல்வதானால், அயலாருக்குக் கிடைக்கும் அந்தப் புன்னகை அவர் ஈட்டியதன்று, அது கடன். அதை எவருக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மலையூர்ப் பெண் பேசுகையில் பொறுமையாக நின்று கேட்கும் செவிக்கும், அவளைப் பார்த்துப் பிறர் நகைக்கையில் நகைக்காத வாய்க்கும் இலக்கணத் தேர்ச்சி தேவையில்லை. அவளுடைய மொழியில் ஒரு வணக்கமாவது சொல்லக் கற்பதற்குப் பல ஆண்டுகளும் வேண்டுவதில்லை.

நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் குருவுக்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று. முதுமையிலும் காய்ச்சலிலும் மனிதர் பின்னாளில் கற்ற மொழியை முதலில் இழக்கின்றனர். ஐம்பது ஆண்டுகள் நகரில் ஸ்பானியம் பேசி வாழ்ந்தவர் கடைசி வாரத்தில் தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறார். ஒரு மருத்துவமனையில் அத்தகைய மூதாட்டி ஒருவரைக் கண்டேன். மருத்துவர் ஸ்பானியத்தில் கேட்டார். அவர் கெச்சுவாவில் விடை சொன்னார். நகைக்கப்படக் கூடாதென்று தம் பிள்ளைகளை ஸ்பானியத்தில் மட்டுமே வளர்த்தவர் அவர். மகனுக்குப் பாதி புரிந்தது. பேரப்பெண்ணுக்கு ஏதும் புரியவில்லை. பக்கத்துப் படுக்கையில் துணைக்கு அமர்ந்திருந்த சந்தைக்காரப் பெண் எழுந்து வந்து, பாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்பதைத் தம் உகரமும் இகரமும் கலந்த ஸ்பானியத்தில் மருத்துவருக்கு எடுத்துரைத்தார். அன்று அந்த அறையில் எவரும் சிரிக்கவில்லை.