கூலிக்குச் செய்த துணிவு

பம்பாய்த் தமிழரிடையே தைரியத்தைப் பற்றிப் பேச்செழுந்தால், தூத்துக்குடியிலிருந்து போய், ரயில் நிலையத்தில் சுமைகூலியாக நின்று, பின்னர் கள்ளச் சாராயத்தாலும் கடத்தலாலும் தாராவி, மாதுங்கா வட்டாரங்களை ஆட்டிவைத்த வரதராஜ முதலியாரின் பெயரே முதலில் நாவில் வரும். 1987-இல் வெளிவந்த ‘நாயகன்’ திரைப்படம் அந்தப் புகழை இன்னும் வளர்த்தது. அவரைப் போற்றியவர் பக்கம் நியாயமே இல்லையென்று தள்ளிவிட முடியாது. சர்க்கார் எட்டிப் பாராத குடிசைக்கு ஒருவன் ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தால், அவனுக்குப் பணம் வந்த வழியை ஏழை விசாரிக்க மாட்டான். ஆயினும் நாலு பேர் நடுங்கினாலன்றி நிற்கமாட்டாத தைரியம் அது. அதைச் சற்குணங்களின் வரிசையில் சேர்ப்பதற்கு மனம் கூசவே செய்யும்.

இதற்கு மாறான துணிவும் அதே ஊரில் உண்டு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் மூண்ட கலவரங்களில் 900 பேர் மாண்டதாக, அவற்றை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கிட்டது. அதன்பின் தாராவிச் சந்துகளில் இந்துவையும் முஸ்லிமையும் ஒரே பாயில் உட்கார வைக்க அலைந்த பாவு கோர்டே, வகார் கான் போன்றோரைக் கண்டு எவரும் நடுங்கியதில்லை. அவர்கள் கையில் ஆயுதமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

இதனினும் சிக்கலான திருஷ்டாந்தம் ஒன்றுண்டு. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டு, அன்றே மாண்டார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் எட்டரை லட்சம் பேர் என்று மாநகராட்சி கணக்குச் சொல்லும் அந்த நெரிசலில், பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பறையே கதி. எதிரே ஆள் வந்தால் சுவரோடு சாய்ந்து வழிவிட வேண்டிய சந்துகளில், மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து, ஒரு கையால் விசையை அடித்து, மறு கையால் குழலை நீட்டி, கழிப்பறைத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, வாளிக் காது என்று ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டு போன துப்புரவுத் தொழிலாளியைத் தைரியசாலி என்னலாமா?

“கூலிக்காகத்தானே போனான், போகாவிட்டால் வேலை போயிருக்குமே” என்பது ஆட்சேபம். போர்வீரனும் சம்பளம் வாங்குகிறவனே; அவன் மார்பில் பதக்கம் குத்தும் வேளையில் யாரும் சம்பளப் பட்டியலை நீட்டுவதில்லை. நிர்ப்பந்தம் ஒருவனைக் கழிப்பறை வாசல்வரை கொண்டுபோய் விடலாம். மேஸ்திரியின் கண் எட்டாத உள்மூலையையும் விடாமல் நனைக்கச் செய்வது நிர்ப்பந்தமன்று. தர்மபுத்தி என்று பெரியோர் சொல்வது அங்கேதான் குடியிருக்கிறது. அதை வரதராஜரின் வீரத்துக்கு மேலாக வைப்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஆனால் இப்படிப் புகழ்வதிலும் ஒரு கபடம் நுழையக்கூடும். 2020 மார்ச் 22-இல், கொரோனாவுக்கு நடுவே பணி செய்தோருக்கு நன்றியாக நாடே வாசலில் நின்று கை தட்டியது. தட்டிய கைகளுக்கு அதில் ஒரு காசும் செலவில்லை. இதே மும்பை மாநகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் சுமார் 2,700 பேர், தங்களை நிரந்தரமாக்கும்படி சங்கத்தின் வழியாகத் தொழில் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று படியேறி, 2017-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிவான தீர்ப்பைப் பெற்றார்கள். அந்த வழக்கில் அவர்களுக்கு எதிராக நின்று கடைசிவரை வாதாடியது, அவர்களிடம் வேலை வாங்கிய மாநகராட்சியே.