பெயர் கூறும் பொறுப்பு

பெரட்டில் விடியற்காலையில் பெயர் கூப்பிடுவது நமது தொழில். அங்கே வந்தவன், வராதவன் என்னும் இரண்டே வகையுண்டு. சென்ற ஆண்டு நமது கிராணிமார் சங்கம், அடுத்த நிர்வாகஸ்தர்களுக்குத் தக்கவர்களை ஆராய்ந்து மகாசபையின்முன் வைக்கும் ஐவர் குழுவில் நம்மையும் அமர்த்திற்று. சம்பளமில்லாத வேலைதானே என்று எளிதாக ஒப்புக்கொண்டோம், அதுவே முதற்பிழை.

பொருளாளர் பதவிக்கு எல்லோர் வாயிலும் வந்த பெயர் ஒன்றே. அவர் நம் நண்பர். நம் மைந்தன் சுரத்தால் நினைவிழந்து கிடந்த இரவில், தம் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்த்தவர். ஆயினும் சங்கத்து நூலக நிதியின் கணக்கை அவர் இரண்டாண்டுகளாக ஒப்புவிக்கவில்லை. நூலகப் பொறுப்பில் நாமும் இருந்தமையால், குழுவில் அதனை அறிந்தவர் நாம் மட்டுமே. உரைத்தால் நன்றி கொன்றவராவோம். உரையாது விட்டால் நம்பி அமர்த்தியவரை வஞ்சித்தவராவோம்.

அன்பர்களே, உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சற்றே நினைமின். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல், 30 குடும்புகளிலும் ஓலைகளில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். வரி செலுத்தும் நிலமும் வேதப் பயிற்சியும் உடையார்க்கே அக்குடத்தில் இடம். அந்நிலத்தை உழுதவனுக்கு இல்லை. மேடைதோறும் அதனைக் குடியாட்சி எனக் கொண்டாடுவோர் இதனைச் சொல்வதில்லை. எனினும் அதிலுள்ள விதியொன்று நம்மை உறங்கவிடவில்லை. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்திற் புகலாகா. திருடினானா என்று அவ்விதி வினவவில்லை. காட்டினானா என்றே வினவுகிறது.

சிறுவன் கைக்கு நட்பில்லை, நமக்கு உண்டு. குழுவில் மற்றொருவர் ‘நம்ம ஆள்’ என்னும் ஒரு சொல்லையே தகுதியாகக் கொண்டு மூன்று பெயர்களை நீட்டினார். அவரைக் கடிந்துரைக்க நமக்கு நாவெழவில்லை. நம் நெஞ்சிலும் ஓர் ஆள் இருந்தாரன்றோ!

இரண்டாம் கூட்டத்தில் உரைத்துவிட்டோம். அதற்குமுன் நண்பரிடமே சென்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்னும் கோழைத்தனம் தடுத்தது. அவர் பெயர் நீங்கிற்று.

ஒன்பது நாட் கழித்துக் கணக்குப் புத்தகம் சங்கத்திற்கு வந்து சேர்ந்தது. ஒரு காசும் குறையவில்லை. தோட்டத்துப் பாதையில் எதிர்ப்படும்போது அவர் இன்றும் வணக்கம் சொல்கிறார். வண்டியை மட்டும் நிறுத்துவதில்லை.