வேண்டாம் என்று சொல்ல முடிகிற தூரம்

கேமராவுடன் வந்த 18-55 லென்ஸ் என்னிடம் இருந்தது. மேற்கொண்டு ஒன்று வாங்கத்தான் கையில் பணம். 35 மி.மீ. லென்ஸா, 70-300 ஜூமா என்று கடையில் நின்று குழம்பிக்கொண்டிருந்தேன். கடைக்காரர், "ஜூமே எடுத்துக்குங்க மேடம். லேடீஸுக்கு அதான் சேஃப். தூரத்துல நின்னே எடுத்துடலாம், யாருக்கும் தெரியாது" என்றார்.

அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அதில் இரண்டு செய்திகள் இருந்தன. எனக்குப் பாதுகாப்பு என்பது ஒன்று. எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாது என்பது மற்றொன்று. முதலாவது வேண்டுமென்றால் இரண்டாவதையும் சேர்த்தே வாங்கியாக வேண்டுமா?

ஜூம் லென்ஸ் பொருளை அருகில் கொண்டுவருகிறது என்போம். உண்மையில் அது நம்மைத் தொலைவிலேயே நிற்க விடுகிறது. என்னுடையதைப் போன்ற சிறிய சென்சார் கேமராவில் 300 மி.மீ. வைத்தால், சாலையின் எதிர்ப்பக்கம் நின்றபடி ஒருத்தியின் முகத்தையும் தோளையும் மட்டும் சட்டகத்தில் நிரப்பிவிடலாம். அதே கேமராவில் 35 மி.மீ. என்றால், இடுப்புவரை எடுக்கவே அவளுக்கு ஐந்தடி தூரத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே நின்றால் அவள் நம்மைப் பார்ப்பாள். பேசுவாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்வாள்.

அதற்கு ஓராண்டு முன்பு தோழியின் ஜூமை இரவல் வாங்கி, மீன் மார்க்கெட்டில் ஒரு படம் எடுத்திருந்தேன். வியாபாரம் முடிந்த மதியம். காலிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கத்துத் தூணோரம் நின்றேன். கல்லூரிக் கண்காட்சியில் அந்தப் படத்தை எல்லோரும் பாராட்டினார்கள். "எவ்வளவு இயல்பா இருக்கு!" என்றார்கள். பெருமையோடு ஒரு பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் எடுத்திருக்க கண்ணு. ஆனா அன்னிக்கு நான் அழுதது எங்க வீட்டுக்கே தெரியாது" என்றார்.

அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பொது இடம்தானே என்றிருப்பேன். சட்டமும் என் பக்கம்தான் நின்றிருக்கும். பெண்களை மறைந்திருந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் குற்றமாக்கும் பிரிவு 2013இல் வந்தது. அது அந்தரங்கச் செயல்களைப் பற்றியது. மார்க்கெட்டில் வடித்த கண்ணீர் அதற்குள் வராது. வீட்டில் அழ இடமில்லாத பெண்ணுக்குக் கூட்டத்தின் நடுவே கிடைத்த தனிமை அது. அதைத்தான் நான் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டியிருந்தேன்.

அப்படியானால் கிட்டப் போனால் போதுமா? போதாது. 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிப்போர் முகாமில் பசியோடு முடங்கிக் கிடந்த ஒரு தாயையும் குழந்தைகளையும் டோரதியா லாங் எடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் இன்னும் நெருங்கிப் போனதாக அவரே பின்னாளில் எழுதினார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை என்றும் எழுதினார். 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகம் அறிந்த அந்த முகத்துக்கு ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் இருந்தது 1978இல்தான் வெளியே தெரிந்தது. தன்னைப் படமெடுத்திருக்கவே வேண்டாம் என்பது அவர் மனக்குறை. எடுத்தவரும் பெண்தான், நல்ல நோக்கம் கொண்டவர்தான். நெருக்கம் மறுப்புக்கு ஒரு வாய்ப்பைத் தரும், அவ்வளவே. கேட்க வேண்டிய வேலை நம்முடையதாகவே மிஞ்சுகிறது.

கடைக்காரர் சொன்ன பாதுகாப்பையும் நான் அலட்சியம் செய்யவில்லை. திருவிழாக் கூட்டத்தில் கண்ணை வியூஃபைண்டரில் வைத்த நொடியில் இடுப்பில் கை விழுந்த அனுபவம் எனக்கும் உண்டு. போராட்டத்தில் தடியோங்கும் காவலரை ஐந்தடியில் நின்று எடு என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல மாட்டேன். அதிகாரத்தில் இருப்பவரை எடுக்கும்போது தூரம் நமக்குக் கேடயம். நம்மைவிட வலுக்குறைந்தவரை எடுக்கும்போது அதே தூரம் நமக்கு மறைவிடம். படம் வெளியானால் யாருக்கு நோகும் என்று பார்த்தால், நாம் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கிவிடும்.

லென்ஸ் வெறும் கண்ணாடிதானே, அதை வைத்து எடுப்பவர் மனம்தானே முக்கியம் என்று ஒரு வாதம் உண்டு. நானும் அப்படி நினைத்திருக்கிறேன். ஆனால் தெருவில் இறங்கிய பிறகு யோசிக்க அவகாசம் ஏது? பையில் இருப்பதற்கு ஏற்றபடி கால் தானாக நிற்கிறது. ஜூம் இருந்தால் தூணோரம் ஒதுங்குகிறது. 35 இருந்தால் முன்னால் நகர்ந்தாக வேண்டும். எனவே முடிவின் பெரும்பகுதி கடையிலேயே, பணம் கொடுக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது.

நான் 35 வாங்கினேன். அதனால் இழந்த படங்கள் நிறைய. ஜூம் உண்மையாகவே தேவைப்படும் நாட்களில் வாடகைக்கு எடுக்கிறேன். யாரை எடுக்க என்று ஒவ்வொரு முறையும் எனக்கே பதில் சொல்ல வேண்டியிருப்பது நல்லதுதான்.

புது லென்ஸோடு முதலில் அந்த அக்காவிடம்தான் போனேன். "ஒரு படம் எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன். கையிலிருந்த மீனைக் கழுவியபடி, "இன்னிக்கு வேணாம் கண்ணு, தலைகூட வாரல" என்றார். கேமராவை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன படிக்கிறாய் என்று அவர் அன்றுதான் என்னைக் கேட்டார்.