சக்கரமும் ஒரு கருவி

சைவ சித்தாந்தம் உயிரையும் உடலையும் ஒன்றெனக் கொள்வதில்லை. ஆணவ மலத்தால் மறைப்புண்டு கிடக்கும் உயிர் அறிந்தும் செயற்பட்டும் பக்குவம் அடைவதற்காக, மாயை என்னும் சடப்பொருளிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும், அதாவது உடலையும் மனம் முதலிய அகக்கருவிகளையும் வாழும் உலகையும் நுகர்பொருள்களையும், இறைவன் ஆக்கித் தருகிறான் என்பது அதன் கொள்கை. இதன்படி கால் என்பது உயிரின் இயல்பு அன்று. உயிருக்கு வாய்த்த கருவி. நடக்க இயலாதவருக்கு வாய்த்த சக்கர நாற்காலியும் அதே மாயையின் காரியமாய் அதே பணியைச் செய்கையில், ஒன்றைத் திருக்கோயிலுக்குள் விட்டு மற்றொன்றை வாசலில் நிறுத்தச் சமயத்தில் இடம் உண்டா என்னும் வினா எழுகிறது.

மயிலாப்பூரில் மார்கழி மாதத்தில் இவ்வினா கூர்மை பெறுகிறது. பாபநாசம் சிவன் பஜனை பாடி வலம்வந்த கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் விடியுமுன்னரே அடியார்கள் திரளும் அந்த நாள்களில், வடகிழக்குப் பருவமழை முழுதும் ஓய்ந்திருப்பதில்லை. தேங்கிய நீருக்கடியில் நடைபாதையின் விளிம்பு தெரியாது. மழைநீர் வடிகாலை மூடிய பலகைக் கற்களின் இடைவெளியில் நாற்காலியின் சிறிய முன்சக்கரம் சிக்கினால், அமர்ந்திருப்பவர் முன்புறமாகச் சரிவார். சக்கரத்தின் வெளிவளையத்தைக் கையால் தள்ளிச் செல்பவருக்குத் தெருச்சேறு உள்ளங்கையில் ஏறுகிறது. அதே கையில்தான் அவர் திருநீறு வாங்க வேண்டும். தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்டதைப் போன்ற அகன்ற நடைபாதை, நகரின் பழைய வீதிகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

தெருவில் உருண்ட சக்கரம் செருப்புக்கு ஒப்பானது, ஆகவே ஆகாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தடை. செருப்பு என்பது கழற்றிவிட்டு மேலே நடக்கக்கூடிய பொருள். சக்கரத்தைக் கழற்றினால் அதற்கு மேல் பயணமே இல்லை. வெறுங்காலும் அதே தெருச்சேற்றை மிதித்தே வருகிறது. அதைக் கழுவினால் போதும் என்று கொண்ட மரபு, சக்கரத்தைக் கழுவவும் ஒரு குழாயை வைக்கலாம்.

இதைவிட ஆழமானது வினை பற்றிய தடை. உடற்குறை முன்வினைப் பயன், அதை அனுபவித்தே தீர வேண்டும், பிறர் அதில் தலையிட ஒன்றுமில்லை என்ற எண்ணம் சித்தாந்தத்தின் பெயராலேயே பேசப்படுவதுண்டு. பெரியபுராணம் இதற்கு நேர்மாறாக நிற்கிறது. திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாருக்குச் செய்த சூளுறவை, அதாவது பிரியேன் என்ற ஆணையை, மீறிச் சென்ற சுந்தரர் இரு கண்களையும் இழந்தார். இங்கே குற்றமும் வெளிப்படை, தண்டனையும் வெளிப்படை. ஆயினும் திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்கு ஊன்றுகோல் தந்தான். கண் பின்னரே வந்தது, இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும். அதுவரை அவர் நடந்தது கோலின் துணையால். குற்றத்தின் கணக்கு தீரட்டும் என்று கோல் காத்திருக்கவில்லை. அத்தலம் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கியதால் கோயில் இடம்மாற்றி அமைக்கப்பட்டது; ஊன்றீசுவரர் என்ற திருநாமம் இன்றும் வழங்குகிறது.

பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகளோ தமக்கான வழியைத் தாமே அமைத்துக்கொண்டார்: திருவாரூர்க் குளத்தைத் தோண்டுகையில், குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிச் சென்று மண்ணைக் கொட்டினார். பகைத்த சமணர்கள் அத்தறிகளைப் பிடுங்கினர் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். சமயப் பூசல் மிகுந்த காலத்தை நினைவிற் கொண்டே இப்பகுதியைப் படிக்க வேண்டும். எனினும் கயிற்றைப் பறிப்பது தொண்டையே பறிப்பதாகும் என்று கதை உணர்ந்திருப்பது வியப்புக்குரியது. பார்வையற்றவரின் கைக்கோல் அவருக்கு ஒரு பொருளாகத் தோன்றுவதை விடுத்து, உணரும் உடலின் பகுதியாகவே ஆகிவிடுகிறது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போந்தி 1945இல் எழுதியதும் இவ்வுணர்வுக்கு அணுக்கமானதே.

நால்வகைக் கொடையில் தனுவோடு புவனமும் அடங்கும் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. தனுவில் ஒரு குறை இருப்பினும் அதற்கு இசைந்த புவனம் அமைந்தால் உயிரின் பணி தடைப்படாது; படியும் தெருவும் புவனத்தைச் சேர்ந்தவை, அவற்றை அமைப்பதோ மனிதர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சமயப் பயன்பாட்டுக்கான கட்டடங்களைப் பொதுக் கட்டடம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடலை நோக்கிச் செல்லும் மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமுற்றது. அமைத்தலோடு காத்தலும் கடமை என்பதை அது காட்டிற்று.

கோயில் வாசலுக்கு வேண்டுவது இதனினும் சிறிது. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்திற்கு ஏற்கப்பட்ட அளவு. பதினைந்து சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் போதும். பழங்கல்லைத் தொடாமல், வைத்து எடுக்கக்கூடிய மரப்பலகையாகவே அதைச் செய்யலாம். மழையில் வழுக்காதபடி மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். ஆருத்ரா தரிசனத்தன்று கூட்டம் அதன்மேல் ஏறி நிற்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.