பைபாஸுக்கு முன் நிமிர்ந்து உட்காருங்கள்!

"பைபாஸ் செய்தே ஆகணும்" என்று டாக்டர் சொன்னதுமே பலருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. "கிட்னியும் கொஞ்சம் வீக்கா இருக்கு" என்று அவர் சேர்த்துச் சொன்னால் மீதியும் போகிறது. ஏன் இடிந்து போகிறீர்கள்? நிமிர்ந்து உட்காருங்கள்! ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அறுவைக்குப் போகும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய பலம் என்ன இருக்கிறது?

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. கைக்குள் அடங்கும் அந்த இரண்டும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. பல பைபாஸ் அறுவைகளின்போது ரத்தம் இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே ஓடுகிறது. ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது, சிவப்பணுக்கள் சில சிதைகின்றன, உடலெங்கும் அழற்சி கிளம்புகிறது. அத்தனை அடியையும் சிறுநீரகம் தாங்க வேண்டும். நான்கைந்து பேரில் ஒருவருக்காவது அது தடுமாறுகிறது. டயாலிசிஸ் வரை போகிறவர்கள் நூற்றுக்குச் சிலரே. போனால் உயிராபத்து கூடும் என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால்தான் இப்போதே எழுந்து நில்லுங்கள் என்கிறேன்.

ஐ.சி.யூ.வில் கட்டிலோரம் யூரின் பை தொங்கும். மணிக்கொரு முறை நர்ஸ் குனிந்து, அளவுக் கோட்டைப் பார்த்து, சார்ட்டில் எழுதிவிட்டுப் போவார். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்கும் குறைந்து, அது ஆறு மணி நேரம் நீடித்தால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏற ஓரிரு நாள்கூட ஆகலாம். பை பல சமயம் அதற்கு முன்பே சொல்லிவிடும். நீங்கள் மயக்கத்தில் கிடக்கும்போதும் உங்களுக்காக ஒரு கூட்டமே கண்விழித்துக் கணக்கெடுக்கிறது. நீங்கள் தனியாக இல்லை!

டயாலிசிஸ் என்ற சொல்லே நடுங்க வைக்கிறதா? வில்லெம் கோல்ஃபைத் தெரிந்துகொள்ளுங்கள். 1943இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் காம்பென் ஊரில், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செலோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் செய்தார் அந்த டாக்டர். நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். வேறொருவராக இருந்தால் கைவிட்டிருப்பார். அவர் விடவில்லை! 1945இல், மயங்கிக் கிடந்த 67 வயதுப் பெண்மணி அந்த இயந்திரத்தால் கண் விழித்தார். பிறகு அமெரிக்கா போன கோல்ஃப், செயற்கை இதய ஆராய்ச்சிக்கும் தலைமை தாங்கினார். 1982இல் யூட்டாவில் ஒரு மனிதருக்குள் துடித்த செயற்கை இதயம் அவர் வளர்த்த குழுவில் பிறந்தது. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் சேர்த்துப் போராடிய அந்த ஒரே மனிதரின் பிடிவாதத்தில் கொஞ்சமாவது நமக்கு வேண்டாமா?

அந்தப் பிடிவாதத்தோடு கேள்வி கேளுங்கள். கிரியாட்டினின் 'நார்மல்' என்றதும் திருப்தியாகிவிடாதீர்கள். வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் சிறுநீரகத்தின் வேலை வெகுவாகக் குறைந்த பிறகும் அந்த எண் ஒழுங்காகவே தெரியலாம். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, 60-க்குக் கீழே இருக்கிறதா என்று கேளுங்கள். ஆஞ்சியோவில் செலுத்திய சாயத்துக்கும் அறுவைக்கும் எவ்வளவு இடைவெளி? ரத்தசோகையை முதலில் சரிசெய்ய வேண்டுமா? பிரஷர், சர்க்கரை மாத்திரைகளில் எதை, எப்போது நிறுத்த வேண்டும்? இதை டாக்டரே சொல்லட்டும், நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதீர்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறீர்களே அந்த வலி மாத்திரை, அதை மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. சிகரெட்டை இன்றே விட்டுவிடுங்கள்.

இத்தனையும் கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்று நினைக்காதீர்கள். நல்ல டாக்டர் உட்கார வைத்துப் பதில் சொல்வார். உங்கள் ரிப்போர்ட்களைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் அடுக்குங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டையும் அவர் மேசையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்!